இரண்டு வேகத்தில் ஒரு பாட்டும் கரடியூர்ப் பாதையில் ஒரு தண்டவாள மணியும்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரிக்காகப் போவார்கள், குளிருக்காகப் போவார்கள். நான் போனது, ஒரு தண்டவாளத் துண்டை அடித்தால் என்ன சத்தம் வரும் என்று கேட்க.

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை 5.40க்கு ஈரோட்டில் சேலம் பேருந்து ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டர், சங்ககிரி தாண்டும்வரை வெளியே இருட்டுத்தான். தூங்கலாம் என்று பார்த்தால் தூக்கம் வரவில்லை. எப்படி மன்னிப்புக் கேட்பது என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன்.

எனக்கு வயது நாற்பத்தேழு. செவித்திறன் சோதிக்கிற மையம் ஒன்றை ஈரோட்டில் நடத்துகிறேன். காதுதான் தொழில். பொழுதுபோக்கும் காதுதான்: அறுபதுகளின் அமெரிக்கப் பாட்டுகள். தேவாலயத்தில் பாடிப் பழகிய கறுப்பினப் பாடகர்கள் காதலையும் பிரிவையும் உருகிப் பாடிய சோல் பாட்டுகள் ஒரு பக்கம். பள்ளிக்கூடப் பையன்கள் கார் ஷெட்டுக்குள் கிடாரை அலறவிட்டுப் பாடிய கராஜ் ராக் இன்னொரு பக்கம். இந்தக் கிறுக்கு உள்ளவர்கள் முப்பது பேர் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். வாரம் ஒரு பாட்டு. அதை யார் யார் எப்படியெல்லாம் பாடியிருக்கிறார்கள் என்று தேடி, ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்துச் சண்டை போடுவோம்.

அப்படி வந்து மாட்டியதுதான், நாங்கள் ‘விளக்குப் பாட்டு’ என்று சொல்லும் ஓர் ஆங்கிலப் பாட்டு. வீடு திரும்பத் தாமதமாகிவிட்ட ஒருவன், வாசல் விளக்கை அணைத்துவிடாதே என்று மனைவியிடம் கெஞ்சுகிற பாட்டு. முதலில் பாடியவர் ஒரு சோல் பாடகர். ஆர்கன் வாத்தியம் மெல்ல இழுக்க, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே வருவார். ஒவ்வொரு வரி முடிந்ததும் யாரோ பதில் சொல்லக்கூடும் என்பதுபோல் நிறுத்திக் காத்திருப்பார். இரண்டு வருடம் கழித்து ஒரு கராஜ் கூட்டம் அதையே பாடியது. அதில் கெஞ்சல் கிடையாது. அணைத்துத்தான் பாரேன் என்று மிரட்டுகிற தொனி. இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும்.

மூன்றாவது, ஏற்காட்டு வடிவம். அறுபதுகளின் கடைசியில் நாலு பேர் ‘ட்வென்ட்டி பெண்ட்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒரு காப்பி எஸ்டேட் கிடங்கில் ஒலிநாடாவில் பதிந்தது. சேலத்திலிருந்து மலையேறும் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான் அந்தப் பெயர். யார் பாடியது, யார் வாசித்தது என்று யாருக்கும் தெரியாது. இருபது வருடத்துக்கு முன் ஈரோட்டுப் பழைய சாமான் கடையில் கட்டாக வாங்கிய கேசட்டுகளில் ஒன்றில் அதன் பிரதி எனக்குக் கிடைத்தது. பாடுவது பதினாறு பதினேழு வயதுப் பெண் என்று எனக்குப் பட்டது. மெல்லிய, பட்டென்று உடைந்துவிடுமோ என்று பயப்பட வைக்கிற குரல். இரண்டாவது சரணத்தில் சொல்லே இல்லாமல் ‘ஊஊ’ என்று ஒரு ஓலம் வரும். அந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைக் குழுவுக்கு வெளியிலும் பலர் படித்தார்கள்.

கட்டுரை வந்த மறுநாள், குழுவில் ‘மிளகு45’ என்ற பெயரில் இருந்தவர் இரண்டே வரி எழுதினார்: “உங்கள் நாடா வேகமாக ஓடுகிறது. பாடுவது ஆண்.” கூடவே தன்னிடம் இருந்த பிரதியையும் அனுப்பினார். அதில் பாட்டு மந்தமாக, கனமாக இருந்தது. அவர் ஏற்காட்டில் மிளகும் தேனும் விற்கும் கடைக்காரர் என்று எனக்குத் தெரியும். “மிளகு எடை போடுகிறவர் எடையைப் பார்க்கட்டும். சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று பதில் எழுதினேன். மற்ற எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அன்றைக்கே அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். இரண்டு வருடம் ஆயிற்று.

போன மாதம் பெங்களூரில் மூன்று நண்பர்கள் ‘ட்வென்ட்டி பெண்ட்ஸ்’ பாட்டை இசைத்தட்டாக அச்சிட முடிவு செய்தார்கள். உறையில் என் கட்டுரை. எந்த வேகத்தில் அச்சிடுவது என்று திங்கட்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும். முடிவு சொல்வதற்காக இரண்டு பிரதிகளையும் மாற்றி மாற்றிக் கேட்டபோதுதான் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. கடைசிச் சரணத்துக்கு முன்னால், கிடங்குக்கு வெளியே யாரோ இரும்பை அடிக்கிற சத்தம் இரண்டிலும் கேட்கிறது. தாள வாத்தியக்காரர் ஒரு கணம் தடுமாறிப் பிறகு சுதாரித்துக்கொள்கிறார். மனிதக் குரல் ஆளுக்கு ஆள் மாறும், இரும்பு மாறாது. அந்த இரும்பு இன்னும் இருந்தால் எது சரியான வேகம் என்று சொல்லிவிடும்.

வேறு வழியில்லாமல் மிளகு45-ஐ அழைத்தேன். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்த மணி இன்னுந் தொங்குதுங்க. வந்து கேளுங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

*

காலை 8.00. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏற்காடு வண்டி. முப்பத்திரண்டு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்கத்தில் வாழவந்தி ஊர்க்காரப் பெண் ஒருவர், மடியில் புதுக் குக்கர் பெட்டியோடு.

“ஏரி பாக்கப் போறீங்களா?” என்றார்.

“இல்லீங்க. ஒரு மணிச் சத்தம் கேக்கப் போறேன்.”

“கோயிலுக்குங்களா?”

“எஸ்டேட் மணிங்க. மொளகுக் கடை யூசுப்புன்னு ஒருத்தர் கூட்டிட்டுப் போறார்.”

“ஒண்டிக்கடை பாயிங்களா?” அவர் முகம் மலர்ந்தது. “எந்நேரமும் இங்கிலீசு பாட்டு ஓடும். ஒரே பாட்ட நாலு தடவ போடுவாரு. ஏனுங்க பாயி, ஊசி மாட்டிக்கிச்சான்னு கேட்டா, இது வேற பாட்டும்மான்னு சொல்லுவாரு. எங்களுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது.”

அடிவாரம் தாண்டி வளைவுகளை எண்ணத் தொடங்கினேன். ஒன்பதாவதில் காது அடைத்தது. பதினான்கில் ஜன்னலை மூடினேன். இருபதாவது வந்தபோது மூடுபனிக்குள் இருந்தோம்.

*

9.20. ஒண்டிக்கடை. யூசுப் பாயின் கடை பத்தடி அகலம்கூட இருக்காது. மிளகு, ஏலக்காய், காப்பித்தூள், தேன் பாட்டில்கள். உள்ளே சுவரோடு சுவராகச் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய இசைத்தட்டுகளின் வரிசை, எழுதி ஒட்டிய பெயர்ச் சீட்டுகளோடு. அறுபது வயதிருக்கும் அவருக்கு. நரைத்த தாடி, ஸ்வெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு சுற்றுலாக் குடும்பத்துக்கு மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“வசந்தி மேடமுங்களா? வாங்க. உக்காருங்க.”

வழியெல்லாம் அமைத்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. “அன்னிக்கி நான் எழுதுனது தப்புங்க. உங்க தொழிலச் சொல்லிக் கேவலமா எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க” என்றேன்.

தராசிலிருந்து அவர் கண் எடுக்கவில்லை. அந்தக் குடும்பம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பொட்டலம் கட்டி, மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பேசினார்.

“டீ சாப்புடுங்க. மதியம் பன்னண்டரைக்குத்தான் மணி அடிப்பாங்க. நேரம் கெடக்குது.”

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் மனைவி ஜீனத் இஞ்சி டீ கொண்டுவந்தார். சங்கடத்தை எப்படித் தாண்டுவது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தேன். “ட்வென்ட்டி பெண்ட்ஸ் பையங்க சோல் பாட்டக் கேட்டுப் படிச்சாங்களா, கராஜ் பாட்டக் கேட்டா? கராஜுன்னுதான் நான் நெனைக்கிறேன். ஆரம்பக் கிடார் அப்படியே அதுதான்.”

யூசுப் பாய் கண்ணாடியைக் கழற்றினார். “அதெப்படிங்க? கராஜ்காரனுக மூணாஞ் சரணத்தத் தூக்கிப் போட்டுட்டானுக. நம்ம பையங்க மூணாஞ் சரணம் பாடறாங்களே.”

இருபது வருடம் கேட்டவள் நான். சரணத்தை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவர் சோல் தட்டை எடுத்து வைத்தார். அடுத்து கராஜ். பிறகு மறுபடி சோல். வாடிக்கையாளர் வந்தால் ஊசியைத் தூக்கிவிட்டு ஏலக்காய் நிறுப்பார். போனதும் விட்ட இடத்திலேயே வைப்பார். கராஜ்காரர்கள் தாளத்துக்கு முன்னால் ஓடுகிறார்கள், சோல் பாடகர் பின்னால் வருகிறார், ஏற்காட்டுப் பாடகர் எங்கே நிற்கிறார் என்று இருவரும் மேஜையில் விரலால் தட்டிப் பார்த்தோம். என் பிரதியில் முன்னால் என்று பட்டது. அவர் பிரதியில், கேட்கக் கேட்க, பின்னால்.

“ரெண்டு தட்டும் இந்த மலைக்கு வந்திருக்கணுமுங்க” என்றார். “கிடார் வாசிச்சவன் ஒண்ணக் கேட்டிருக்கான். பாடுனவன் இன்னொண்ணக் கேட்டிருக்கான். ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டையே நடந்திருக்கும்.”

“நம்மளாட்டவே” என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த தட்டை என் கையில் கொடுத்து வைக்கச் சொன்னார்.

அவர் பிரதி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் அப்பா ஒண்டிக்கடையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாராம். பதிவு செய்த நாடாவைப் பையன்கள் அவரிடம் கொடுத்து, கல்யாண வீட்டில் போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். எந்தக் கல்யாண வீட்டிலும் அது போடப்படவில்லை. பையன்களின் பெயரை அப்பா எழுதி வைக்கவும் இல்லை.

*

11.15. கரடியூர்ப் பாதையில் ஆட்டோ. போக வர, காத்திருப்போடு நானூறு ரூபாய். மூடுபனி விலகி வெயில் எட்டிப் பார்த்தது. சவுக்கைப் போல் நெட்டையாக வளர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. கீழே காப்பிச் செடி. பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஏழு கிலோமீட்டர் போனதும் மண்பாதையில் இறங்கினோம். எஸ்டேட் களத்தில் காப்பிப் பழம் சிவப்பும் கறுப்புமாகக் காய்ந்துகொண்டிருந்தது. கிடங்கின் முன்னால் பலாமரக் கிளையில் சங்கிலி. சங்கிலியில், மூன்றடி நீளத் தண்டவாளத் துண்டு.

கிட்டே போய்க் கையைக்கூட வைத்துவிட்டேன்.

“அம்மிணி, அம்மிணி! அடிச்சிராதீங்க!” என்று ஓடிவந்தார் ரைட்டர் பழனிசாமி. ஆட்களின் வருகைக் கணக்கு எழுதுகிற எஸ்டேட் எழுத்தர். “இப்ப அடிச்சீங்கன்னா அத்தன பேரும் கூடைய வெச்சுட்டுச் சோத்துக்கு வந்துருவாங்க. அப்பறம் நான் தொரைக்குப் பதில் சொல்லோணும்.”

முக்கால் மணி நேரத்துக்கு மேல் களத்து ஓரம் உட்கார்ந்து காத்திருந்தோம். மணி பழையதுதானா என்று ரைட்டரிடம் மூன்று தடவை கேட்டேன். அவருக்கு முன்னால் அவர் அப்பாவும் இங்கேயே ரைட்டர். “சங்கிலி மூணு தடவ மாத்தியாச்சுங்க. இரும்பு அதேதான். அறுக்கவும் இல்ல, ஒட்டவும் இல்ல. இத வந்து எதுக்குங்க கேக்கறீங்க?”

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மரியாதைக்காகத் தலையாட்டினார்.

12.30. கைப்பேசியில் சத்தத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலியைத் திறந்துவைத்தேன். என் மையத்தில் நாள் முழுக்க இதே வேலையைத்தான் செய்கிறேன். ரைட்டர் இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கி நாலு அடி அடித்தார். மலைச்சரிவு முழுக்கப் பேச்சுச் சத்தம் கிளம்பியது. திரையில் 612 ஹெர்ட்ஸ்.

யூசுப் பாயின் பிரதியில் அந்த மணி 609. வேகமாக ஓடிய என் கேசட்டில் 704.

ஒவ்வொரு அடிக்கும் பார்த்தேன். நாலு தடவையும் அதே எண். கைப்பேசியை யூசுப் பாய் பக்கம் நீட்டினேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் காப்பிக் களத்தைப் பார்த்தார். ஜெயித்தவர் முகத்தில் வரும் எதுவும் அதில் வரவில்லை. எனக்கோ காது மடல் சுட்டது. நான் எழுதிய பெண் ஒருபோதும் இருந்ததில்லை. என் ஓட்டைக் கேசட் இயந்திரமும் யாரோ அவசரமாக எடுத்த பிரதியும் சேர்ந்து செய்த பெண் அவள்.

“அந்தப் பாட்டத்தான் போடுங்களேன், என்னன்னு கேப்போம்” என்றார் ரைட்டர், தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே.

யூசுப் பாய் தன் பிரதியைப் போட்டார். ஐம்பது வருடத்துக்கு முன் அது பதியப்பட்ட கிடங்கின் வாசலில், கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில், ஒரு இளைஞன் பாடினான். அவசரமில்லாத, கரகரத்த குரல். ரைட்டர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். இரண்டாவது சரணத்தில் கை நின்றது.

“இங்கிலீசு பாட்டுன்னீங்க? நடுவால தமிழ்ல பாடறானே.”

“எங்கீங்க?” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

“திருப்பிப் போடுங்க. ... இந்தா. ‘ஊட்டுல’ங்கறானுங்க. ஊட்டுல வெளக்கு. நம்ம பக்கத்துப் பையன்.”

மறுபடி போட்டோம். மறுபடியும். ஆங்கில வரி ஓடிவந்து, சட்டென்று நின்று, நீட்டி இழுத்து: ஊ... ட்டுல... வெளக்கு. அதற்குப் பிறகு மீண்டும் ஆங்கிலம். எந்தச் சொல்லும் தாங்க முடியாத துயரம் என்று நான் ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்த ஓலம், வீட்டில் விளக்கு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் அம்மா இன்றைக்கும் போனில் “எப்பக் கண்ணு ஊட்டுக்கு வர்றே?” என்றுதான் கேட்கிறார். அந்தச் சொல் என் காதில் விழவில்லை.

யூசுப் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “நாப்பது வருசமா கேக்கறேனுங்க. சரியான வேகத்துல. எனக்குங்கூடக் கேக்கலீங்களே.”

“நீங்க இங்கிலீசத் தேடிக்கிட்டுக் கேட்டிருப்பீங்க. எனக்குத் தமிழ் மட்டுந்தானுங்க தெரியும்” என்றார் ரைட்டர். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து, “ஏனுங்க, தப்பா ஏதாச்சும் சொல்லிட்டனுங்களா?” என்று பதறினார்.

இல்லை என்று சொல்வதற்குள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல்முறையாக யூசுப் பாய் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு.

*

2.10. ஒண்டிக்கடை. ஜீனத் சோறும் மீன் குழம்பும் வைத்திருந்தார். சாப்பிடும்போது நான் மறுபடி தொடங்கினேன். “நான் சொன்னதுதான் தப்புன்னு இப்பத் தெரிஞ்சு போச்சுங்க. உங்ககிட்ட மன்னிப்பு...”

கையைக் காட்டி நிறுத்தினார். “இது வேண்டாமுங்க. தோத்த பொறவு எல்லாருங் கேப்பாங்க. காலைல, மணி அடிக்கறதுக்கு முன்னாடி, நாலு பேரு முன்னால கேட்டீங்க பாருங்க, அத அப்பவே எடுத்துக்கிட்டேன். கடையில ஆளிருந்துச்சு, சொல்லல.”

அவர் எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க” என்றார். “உங்க வேகப் பாட்டு எனக்கு நொம்பப் புடிக்குமுங்க. தப்புன்னுதான் எழுதினேன். நல்லால்லைன்னு எழுதல.”

“பெறகு ஏனுங்க அன்னிக்கே சொல்லல?”

“சொல்ல எங்கீங்க விட்டீங்க?”

*

4.00. சேலம் வண்டி. ஏறுவதற்கு முன் யூசுப் பாயைக் குழுவுக்குத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டேன். யோசிக்கவேயில்லை அவர். முப்பது பேர் சிரித்த இடத்துக்கு வரமாட்டேன், நீங்கள் வேண்டுமானால் பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்துவிட முடியாது.

இறங்குகிற வண்டியில் குழுவுக்கு எழுதினேன்: மணி 612, நான் சொன்னது தவறு, இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய வாக்கியமும் தவறு, அதற்குச் சிரித்ததும் தவறு. பெங்களூருக்கும் எழுதினேன்: மெதுவான பிரதியையே அச்சிடுங்கள், என் கட்டுரையை எடுத்துவிடுங்கள், பாடியவர் பெயர் தெரியவில்லை, ஆனால் அவர் வீட்டை ஊடு என்று சொல்கிறவர்.

5.20க்குச் சேலம். கீழே இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். நிலையத்தில் பத்து வண்டிகளின் ஹாரன், கைப்பேசிக் கடையின் பாட்டு, ஊர்ப்பெயரைக் கூவுகிற நடத்துநர்கள். ஈரோட்டில் என் மையத்துக்குள் இந்தச் சத்தம் எதுவும் வராது. நாலு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்த அறை அது. அந்த அறைக்குள் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் சரியாகக் கேட்கும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

ஈரோடு வண்டியில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், இயர்போனை மாட்டி என் பழைய பிரதியை ஒருமுறை போட்டேன். தவறு என்று தெரிந்த பிறகும் அதே மெல்லிய குரல் வந்தது, விளக்கை அணைத்துவிடாதே என்று. அந்தக் கிடங்கில் பாடிய இளைஞன் இன்று எங்கோ இருக்கலாம். என்றாவது யாராவது கண்டுபிடிக்கலாம். இவளைத் தேட யாரும் போக முடியாது. இருபது வருடம் என்னோடு இருந்தவள். அவளுக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பாட்டை முடியும்வரை ஓடவிட்டேன்.